திரைக்குப் பின்னால் ஒரு தனி

மிருதங்கத்தில் என் வீட்டுக்காரர் முதல் சொல்லைப் போட்டார். எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்தாள். அரங்கத்து நாற்காலி 'டப்' என்று தானாக மடிந்துகொண்டது.

அவளைப் பார்த்து அவள் புருஷன் எழுந்தார். அவர்களைப் பார்த்து ஒரு வரிசையே எழுந்தது. டப், டப், டப். என் வீட்டுக்காரர் ஆதி தாளத்தில் ஒரு சுற்று முடிப்பதற்குள் அந்த நாற்காலிகள் தங்கள் பங்குக்கு ஒன்றை வாசித்து முடித்துவிட்டன.

வெளியே கேன்டீனில் ரவா தோசை ஊற்ற ஆரம்பித்திருந்தார்கள். கதவைத் திறக்கும்போதெல்லாம் நெய் வாசமும் மே மாதத்து அனலும் சேர்ந்து உள்ளே வந்தன. எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டது.

கச்சேரிப் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய பாட்டைப் பாடி முடித்ததும் பாடகர் தாளத்தை மட்டும் போட்டுக்கொண்டு ஒதுங்கிக்கொள்ள, மிருதங்கக்காரர் மட்டும் வாசிப்பதற்குப் பெயர் தனி ஆவர்த்தனம். மற்ற நேரமெல்லாம் அவர் இன்னொருவர் பாட்டுக்குத் துணை. அந்தக் கால் மணி நேரம்தான் அவருடையது. நம் ரசிகப் பெருமக்களோ அதைத்தான் காபி குடிப்பதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

கோபக்காரி

டெல்லி சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸ் வாங்குவதற்காக நான் போட்ட சண்டையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "உங்களுக்குக் கோபம் தீரவே தீராதா அம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

தீராது. என் அப்பா பஸ் கண்டக்டர். மதுரையில் டவுன் பஸ் ஓட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள், அவர் விசில் ஊதினால் ஸ்டாப்பில் நிற்கிற மாடுகூட ஒதுங்கும். அந்த ரத்தம் எனக்கு அப்படியே வந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் நேர் எதிர். கடையில் அழுகின தக்காளியைப் போட்டுக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வந்து, "ரசம் வச்சிரலாம்" என்பார். எங்கள் கல்யாணத்தில் பத்துப் பொருத்தமும் பார்த்தார்கள். இதை யாரும் பார்க்கவில்லை.

மதுரையில் அவருக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. காலையில் மாணவர்கள், மாலையில் கோயிலிலோ கல்யாண மண்டபத்திலோ கச்சேரி. எனக்குப் பதவி உயர்வு வந்தது, கூடவே டெல்லிக்கு மாற்றலும். பையன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தான். "நீ போற எடத்துக்கு நான் வரேன். மிருதங்கத்துக்குத் தமிழ்னா என்ன, இந்தின்னா என்ன?" என்று சிரித்துக்கொண்டே மூட்டை கட்டினார்.

டெல்லிக்கு வந்து அவர் வாசித்ததெல்லாம் தலையணையில்தான். மிருதங்கத்தைத் தொட்டால் மேல் வீட்டுக்காரர் தரையை உலக்கையால் இடிப்பார். கீழ் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பெண். எனவே இரண்டு தலையணையைச் சேர்த்துக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் சாதகம் பண்ணிக்கொண்டிருந்தார். ஆபீஸிலிருந்து வந்து கதவைத் திறந்தால் அந்தக் காட்சிதான். ஒரு வருஷம் பார்த்தேன்.

அந்த ஏப்ரலில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தலையைத் தூக்காமல் சொன்னார்: "இந்தக் கோடை வரைக்கும் பாக்குறேன் வசந்தா. ஒரு கச்சேரியாவது மனசார வாசிக்கணும். இல்லேன்னா நான் மதுரைக்குப் போயிர்றேன். நீ இங்க இரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் மோர் ஊற்றச் சொல்வதுபோலச் சொன்னார். 

எல்.டி.சி. கொடுத்த வாய்ப்பு

மே மாதம் வந்தால் டெல்லித் தமிழர்களில் பாதிப் பேர் எல்.டி.சி. போட்டுவிட்டு ஊருக்கு ரயில் ஏறிவிடுவார்கள். சர்க்கார் செலவில் ஊர் பார்க்கிற சலுகையை விட எவருக்கு மனசு வரும்? மிருதங்கக்காரர்களும் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள்தான். அதனால் லோதி ரோடு பக்கத்து அரங்கம் ஒன்றில் நடந்த ஒரு நாள் கோடை இசை விழாவுக்கு, நாலு மணிக் கச்சேரிக்கு ஆளில்லாமல் போனது. யாரோ சொல்லி, விழா நடத்திய சபாவின் செயலாளர் எங்கள் வீட்டுக்கு போன் பண்ணினார்.

செயலாளர் ஓய்வு பெற்ற அதிகாரி. பணியிலிருந்துதான் ஓய்வு, அதிகாரத்திலிருந்து இல்லை. "அச்சா, தனிக்கு எவ்வளவு டைம் வேணும்?" என்று கேட்டார். கால் மணி நேரம் என்றார் இவர். "டன்" என்று வைத்துவிட்டார்.

கச்சேரி அன்று காலை எழுந்ததிலிருந்து என் வீட்டுக்காரருடைய ஆர்ப்பாட்டத்தைப் பார்க்கணுமே. டெல்லி வெயிலில் தோல் விறைத்துச் சுருதி ஏறிக்கொள்கிறதாம். மிருதங்கத்துக்கு ஈரத்துண்டு சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். சத்தம் கனமாக வர இடது பக்கத்தில் அப்புகிற ரவையை நான்தான் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். வழியெல்லாம் தொடையில் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு அவருக்கு ஏதோ நடுக்கம் என்று நினைத்து, "அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று இந்தியில் கேட்டார்.

டைப் என்ன?

காலை பத்து மணிக்கே போய்விட்டோம். நாள் முழுக்க இருக்கலாம் என்றுதான். அரங்கம் நிறைந்திருந்தது. பாட்டுக்காக என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில்தான் தெரிந்தது, பாதிப் பேர் ஏ.சி.க்காக வந்தவர்கள். ஒருவர் செருப்பைக் கழற்றி, காலை நீட்டி, முகத்தில் கைக்குட்டை போட்டுக்கொண்டு முதல் பாட்டான வர்ணம் முடிவதற்குள் குறட்டை விட்டார். சுருதி சேர்ந்துதான் இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்த பட்டுப்புடவை அம்மாள் என் பெயரைக் கேட்கவில்லை. "எந்த மினிஸ்ட்ரி?" என்றாள். சொன்னேன். "சரோஜினி நகரா? டைப் என்ன?" என்றாள்.

டெல்லிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது. சர்க்கார் வீடுகளுக்கு உத்தியோகத்தைப் பொறுத்து டைப் ஒன்று, இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். டைப்பைக் கேட்டால் சம்பளத்தைக் கேட்க வேண்டாம், பதவியைக் கேட்க வேண்டாம், மரியாதை எவ்வளவு கொடுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். "டைப் டூ" என்றேன். அவ்வளவுதான், எங்கள் இருவருக்கும் நடுவில் அவளுடைய கைப்பை வந்து உட்கார்ந்துகொண்டது.

முன்னால் ஒரு வரிசை சோபா. அதில் வெள்ளைத் துணி விரித்து, யாரும் உட்காராதபடி கயிறு கட்டியிருந்தார்கள். மாலையில் வரப்போகிற சிறப்பு விருந்தினருக்காம். விருந்தினர் யார் என்று அழைப்பிதழைப் பார்த்தேன். எங்கள் அமைச்சகத்தின் இணைச் செயலாளர். என் மேசைக்கு மூன்று மாடி மேலே உட்கார்ந்திருப்பவர். ஆபீஸில் அவரை ஜே.எஸ். ஸார் என்போம். அவர் லிஃப்டில் ஏறினால் நாங்கள் இறங்கிவிட வேண்டும். அது விதி இல்லை, எவரோ ஆரம்பித்து வைத்த பழக்கம்.

நாலு மணிக்குப் பாட வந்தவர் ஹேமலதா. ஏதோ சர்க்கார் கம்பெனியில் அதிகாரி, டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். எதிரே செல்போனில் பாட்டை வைத்துக்கொண்டிருந்தார். மேடைக்குத் தண்ணீர் கொண்டுபோய் வைக்கும்போது பார்த்தேன், தமிழ்ப் பாட்டு இந்தி எழுத்தில் இருந்தது. உள்ளுக்குள் தலையில் அடித்துக்கொண்டேன். இந்தம்மாவுக்கு வாசிப்பதற்குத்தானா இவர் ஒரு வருஷம் தலையணையை அடித்தார் என்று இருந்தது.

ஆனால் குரல் நன்றாகத்தான் இருந்தது. தோடி ராகத்தை நிதானமாகப் பாடினார். என் வீட்டுக்காரர் அவர் குரலுக்கு மேலே ஏறாமல், கூடவே நடந்து வந்தார். ஸ்வரம் முடிந்தது. ஹேமலதா அவர் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார். அப்புறம்தான் அந்த நாற்காலிகள்.

திரும்பி வந்தார்கள்

மதுரையிலும் தனிக்கு எழுந்து போவார்கள். இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அங்கே கொஞ்சம் குனிந்துகொண்டு, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, திருடனைப் போலப் போவார்கள். இங்கே ஆபீஸ் லஞ்ச் மணி அடித்த மாதிரி பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். பட்டுப்புடவை அம்மாள் போகிற போக்கில் என்னிடம், "ஜல்தி வாங்க, தோசை தீந்துடும்" என்றாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

அவ்வளவு பெரிய அரங்கத்தில் நானும், தூங்குகிற மனுஷரும், இன்னும் அங்கங்கே சிலரும்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். மூடியிருந்ததே நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது கதவுகள் திறந்தன. போனவர்கள் எல்லோரும் வந்தார்கள். கையில் காபிக் கோப்பையோடு, தோசைத் தட்டோடு, வாயைத் துடைத்துக்கொண்டு அவசர அவசரமாக வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சத்தம் கேட்டு அவர் கண்ணைத் திறந்தார். நிறைகிற அரங்கத்தைப் பார்த்தார். தன் வாசிப்பைக் கேட்டுத்தான் ஜனங்கள் ஓடி வருகிறார்கள் என்று நினைத்துவிட்டார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். எங்களுக்குப் பையன் பிறந்த அன்றைக்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சட்டென்று தாளத்தின் நடையை மாற்றினார், கைகள் பறந்தன. அப்படியொரு உற்சாகம்.

நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன். செயலாளர் முன்னால் வர, இரண்டு பேர் பின்னால் வர, ஜே.எஸ். ஸார் வந்துகொண்டிருந்தார். ஆறு மணிக்கு வர வேண்டியவருக்கு வேறு எங்கோ கூட்டமாம், அதனால் முன்னாலேயே வந்துவிட்டார். காலி அரங்கத்தை அவருக்குக் காட்டக் கூடாது என்று செயலாளர் கேன்டீனிலிருந்து ஆட்களை விரட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஆட்டு மந்தைகூடக் கொஞ்சம் யோசித்துத்தான் உள்ளே வரும்.

ஜே.எஸ். சோபாவில் உட்கார்ந்து செல்போனை எடுத்தார். செயலாளர் மேடை ஓரத்துக்குப் போய், இரண்டு விரலைக் கத்திரிக்கோல் மாதிரி ஆட்டினார். நிறுத்து என்று அர்த்தம். ஹேமலதா அதைப் பார்த்தார். தாளம் போட்ட கையை எடுத்து ஜே.எஸ்.ஸைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பாவி என்று நான் வாய்விட்டே சொன்னேன்.

என் வீட்டுக்காரர் செயலாளரைப் பார்த்தார். ஜே.எஸ்.ஸைப் பார்த்தார். கூட்டம் எதற்கு வந்தது என்பது அவருக்கு அப்போது விளங்கிவிட்டது. அந்தச் சிரிப்பு எப்படிப் போனது என்பதை நான் எழுதப் போவதில்லை. கை தொய்ந்தது.

நான் எழுந்து நின்றேன். என் நாற்காலியும் 'டப்' என்றது.

"அவர் இன்னும் முடிக்கல," என்றேன்.

அப்பாவின் தொண்டை. அரங்கம் முழுக்கத் திரும்பியது. செயலாளர் பதறிப்போய், "மேடம், பைட்டியே, உக்காருங்க. ஜே.எஸ். ஸார் வந்திருக்கார்" என்றார்.

"வரட்டும். அவரும் உக்காந்து கேக்கட்டும். கடைசிக் கோர்வை வைக்காம எப்படி நிறுத்துறது?"

ஜே.எஸ். செல்போனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.  வேலை, பதவி உயர்வு, டைப் டூ வீடு எல்லாம் கண் முன்னால் வந்துபோயின. உட்காரவில்லை. செயலாளர் யாருக்கோ கையைக் காட்டினார். சிவப்புத் திரை இரண்டு பக்கமிருந்தும் வந்து என் வீட்டுக்காரரை மூடிவிட்டது.

ஜே.எஸ். ஸாரின் உரை

திரைக்கு முன்னால் ஒரு மைக்கைக் கொண்டுவந்து நட்டார்கள். பொன்னாடை, பூங்கொத்து, கைதட்டல். ஜே.எஸ். தொண்டையைச் செருமிக்கொண்டு, சங்கீதம் என்றால் தனக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர் என்று ஆரம்பித்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து 'தோம்' என்று ஒரு சத்தம்.

அவர் நிறுத்தினார். பிறகு தொடர்ந்தார். மறுபடியும் சத்தம், இந்தத் தடவை நாலு சொல் சேர்ந்து. பிறகு நிற்கவே இல்லை. விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டு மிருதங்கம் பேச ஆரம்பித்துவிட்டது. மேடை மைக்கை அணைத்தார்கள். தோலுக்கு மைக் எதற்கு? ஜே.எஸ். குரலை உயர்த்தினார். நம் கலைஞர்களை நாம் போற்ற வேண்டும் என்றார். திரைக்குப் பின்னால் கோர்வைக்கு முன்னால் வருகிற மோரா ஓடிக்கொண்டிருந்தது. செயலாளர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். போன வேகத்தில் வெளியே வந்தார், முகம் தொங்கிப்போயிருந்தது.

தனியை முடித்துவைக்கிற கோர்வையை மூன்று தடவை வைப்பது வழக்கம். ஒன்று வந்தது. இரண்டு வந்தது. நான் நின்றபடியே விரலில் எண்ணிக்கொண்டிருந்தேன். தூங்கிக்கொண்டிருந்த மனுஷர்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது, கடைசிச் சொல், இடி மாதிரி தாளத்தின் முதல் அடியான சமத்தில் வந்து விழுந்தது.

நான் கைதட்டினேன். என்னால் முடிந்த அளவு ஓங்கித் தட்டினேன்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. நம் சபைகளில் ஒருவர் தட்டினால் எல்லோரும் தட்டிவிடுவார்கள், எதற்கு என்று கேட்க மாட்டார்கள். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பட்டுப்புடவை அம்மாள் தட்டினாள். பின்வரிசை தட்டியது. அரங்கமே தட்டியது. பாதி வாக்கியத்தில், கையை உயர்த்தியபடி நின்ற ஜே.எஸ்., கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கும்பிட்டுவிட்டு இறங்கிப் போய் உட்கார்ந்தார்.

வெளியே

மேடையின் பின்பக்கமாக வெளியே வந்தோம். சாயங்காலமாகியும் ரோட்டிலிருந்து அனல் அடித்தது. செயலாளர் வாசலில் பிடித்துக்கொண்டார். டெல்லியில் எந்த சபாவிலும் இனி உங்களுக்கு மேடை கிடையாது, நான் எல்லாருக்கும் போன் பண்ணுவேன் என்றார். நான் இரண்டு அடி முன்னால் வைத்தேன். என் வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஆட்டோ கிடைக்கவில்லை. நின்றபடியே பொரிந்து தள்ளினேன். "இதெல்லாம் ஒரு ஊரு, இதுல ஒரு சபா. நாளைக்கே டிரான்ஸ்பருக்கு எழுதிக் குடுக்குறேன். புரமோஷனும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். உங்களை மட்டும் அனுப்ப மாட்டேன், ரெண்டு பேருமே மதுரைக்குப் போயிருவோம்."

அவர் மிருதங்கத்தைத் தோளில் சரிசெய்துகொண்டார். "நீ வேணா போ. நான் வரல," என்றார்.

காது சரியாகக் கேட்கவில்லையோ என்று பார்த்தேன்.

"தெரை விழுந்ததும் நான் கையை எடுத்துட்டேன் வசந்தா. உறையப் போட்டுக் கெளம்பத்தான் இருந்தேன். பாடின அந்தம்மா மறுபடியும் தாளத்த எடுத்துத் தொடையில தட்டிக்கிட்டே இருக்கு. பாட்டு முடிஞ்சுச்சு, இனி என்னன்னு பாத்தேன். 'நீங்க வாசிங்கோ, நான் போட்டுண்டுதான் இருக்கேன்'ங்குது. ஒருத்தர் தாளம் போட்டுக்கிட்டு இருக்கையில வாசிக்காம எப்பிடி இருக்குறது?"

செயலாளர் உள்ளே போய் அவர் கையைப் பிடிக்க வந்தாராம். ஹேமலதா தாளத்தை விடாமலே, "ஹட்டோ யஹான் ஸே" என்று ஓர் அதட்டு அதட்டினாராம். இங்கிருந்து தள்ளிப் போ என்று. கோபம் வந்தால் அந்தம்மாவுக்கு இந்திதான் வருமாம். அடுத்த மாதம் முனிர்காவில் யார் வீட்டிலோ பாடுகிறாராம், வாசிக்க வரச் சொல்லியிருக்கிறாராம்.

"இந்த ஊர்ல தாளம் போட எனக்கு ஒரு ஆள் கெடைச்சிருச்சு. போதும்," என்றார்.

இந்த மனுஷர் டெல்லியிலேயே இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளாத தெய்வம் இல்லை. அவர் இருக்கிறேன் என்று சொன்னபோது எனக்கு வந்ததும் கோபம்தான். "அப்ப நான் அத்தனை பேரு முன்னால, ஜே.எஸ். முன்னால எந்திரிச்சு நின்னது?" என்றேன்.

"அதுவும் கேட்டுச்சு," என்றார். "அதைக் கேட்ட பெறகுதான் அந்தம்மா மறுபடி தாளமே போட ஆரம்பிச்சுச்சு."

 ஆட்டோ வந்தது, ஏறி உட்கார்ந்தோம். வீடு வரும்வரைக்கும் அவர் விரல்கள் என் கை மேல் ஓடிக்கொண்டிருந்தன.

டெல்லியில் நாங்கள் இன்னும் இருக்கிறோம். செயலாளர் சொன்னபடியே போன் பண்ணினார், சில மேடைகள் போயின, சில கிடைத்தன. ஜனங்களும் மாறவில்லை, தனி என்றால் இன்றைக்கும் எழுந்துவிடுகிறார்கள். நான்தான் ஒரு காரியம் பண்ணுகிறேன். பெரிய பாட்டு முடியப் போகிறது என்று தெரிந்ததும் எழுந்து போய், கேன்டீன் பக்கத்துக் கதவருகே நின்றுகொள்வேன். வருகிறவர்களை ஒன்றும் சொல்வதில்லை, பார்ப்பேன், அவ்வளவுதான். சிலர் திரும்பிப் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.